மலைப்பழமும் வீட்டு அடுப்பும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை குடும்பத்தினர் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்த் தாங்களே பழம் பறித்து, வீட்டுக்கு வந்து கேக் செய்து, அந்தப் படங்களை எங்களுக்கு அனுப்புகிறார்கள். என் பிள்ளைகள் இருவரும் (ஒன்பது வயது, ஆறு வயது) நாமும் போகலாம் என்று விடாமல் கேட்கிறார்கள். மதுரையிலிருந்து போய்வரும் தூரத்தில் அப்படி ஓர் இடம் உண்டா? காலாண்டு விடுமுறையில் கொடைக்கானலுக்குப் போனால் ஆப்பிள் பறிக்கலாமா?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: கொடைக்கானலில் ஆப்பிள் மரங்கள் உண்டு, ஆனால் குடும்பத்தோடு போய்க் கூடை நிறையப் பறித்து வரும் அளவுக்கு ஆப்பிள் தோட்டங்கள் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆப்பிள் என்று சொல்லி அழைத்துப்போய்ப் பிள்ளைகளை ஏமாற்றிவிடக் கூடாது. அந்த மலையில் நீங்கள் பறிக்க வேண்டிய பழம் பேரிக்காய். ஆப்பிளுக்கு மிக நெருங்கிய உறவான அது கொடை மலையில் நன்றாகக் காய்க்கிறது. அடுப்பில் ஏற்றினால் ஆப்பிளுக்குக் குறையாத சுவையும் தருகிறது.

ஆப்பிள் ஏன் அங்கே பெருகவில்லை என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், காரணம் குளிர்தான். இலையுதிர்த்து உறங்கும் மாதங்களில், 7 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிரில் ஆப்பிள் மரம் போதிய நேரம் இருந்தால்தான் அடுத்த பருவத்தில் அதன் மொட்டுகள் ஒழுங்காக விரியும். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் விளைகிற பெயர்பெற்ற ரகங்களுக்கு இப்படி ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் சிம்லாவுக்கு அப்பால் உள்ள கோட்கரில் ரெட் டெலிஷஸ் ரகத்தை நட்டபோது அது வேர்பிடித்துப் பெருகியதற்கு அந்த மலைகளின் நீண்ட பனிக்காலமே துணையாக இருந்தது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நிலநடுக்கோட்டுக்கு வெறும் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் ஏரிக்கரையிலும் பள்ளமான புல்வெளிகளிலும் உறைபனி படிந்தாலும், பொழுது ஏறியதும் வெயில் வந்து அதைக் கரைத்துவிடும்; மரத்துக்கு வேண்டிய குளிர் நேரம் சேர்வதில்லை. அதனால் குறைந்த குளிரிலேயே காய்க்கும் ரகங்கள் மட்டும் அங்கே எடுபடுகின்றன. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்து கே.கே.எல்.1 என்று வெளியிட்ட பார்லின்ஸ் பியூட்டி அத்தகைய ஒரு ரகம்.

காலத்தைப் பொறுத்தவரை, காலாண்டு விடுமுறை சற்றுத் தாமதம். கொடை மலையில் கோடையின் பிற்பகுதி பிளம்ஸ் பருவம். அது ஓய்ந்ததும், ஜூலையிலிருந்து பேரிக்காய் பருவம் தொடங்கி ஆவணியில் நன்றாக நிறைந்திருக்கும். செப்டம்பர் இறுதியில் போனால் கடைசிக் காய்கள் சில மரங்களில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே என் யோசனை. மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது பெருமாள்மலையை நெருங்க நெருங்கப் பேரிக்காய் மரங்கள் கண்ணில் படத் தொடங்கும். வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி பக்கங்களிலும் பேரிக்காய் விளைகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. ஆகவே கிளம்புமுன் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் நுழைய அனுமதி கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழத்தோட்டங்களைக் காய்ப்புக்கு முன்பே வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது எங்கும் உள்ள வழக்கம். அப்படி விட்டிருந்தால் நிலத்துக்காரர் சரி என்றாலும் குத்தகைக்காரரும் சரி என்று சொல்ல வேண்டும். தங்கும் விடுதிக்காரர் வழியாகவோ, சாலையோரத்தில் பழம் விற்கும் பெண்கள் வழியாகவோ முதல் நாளே கேட்டுவைத்து, பறித்த காயை எடைபோட்டு, பேரம் பேசாமல் பணம் கொடுங்கள். கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் புல்லில் அட்டை இருக்கும். காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள் இறங்குவது அங்கே சாதாரணம். ஆகையால் காலை வெயில் ஏறிய பிறகு போய், பிற்பகலுக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

இனி, பறிப்பது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காயைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, அடிப்பக்கத்தை மேல்நோக்கிச் சாய்த்து, மெல்லத் திருகினால், முதிர்ந்த காய் காம்போடு தானே கழன்று வரும். அப்படி வராத காய் இன்னும் சில நாள் மரத்தில் இருக்க வேண்டியது. ஆப்பிளுக்கும் இதே முறைதான். இழுத்துப் பிய்த்தால் காம்பு அறுந்து அந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும் என்பது ஒன்று; காம்பு ஒட்டியிருக்கும் குட்டைக் கணுவும் சேர்ந்து முறியும் என்பது மற்றொன்று. வரும் ஆண்டின் பூ அந்தக் கணுவில்தான் வர வேண்டும், எனவே அது முறிந்தால் நட்டம் விவசாயிக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கையெட்டும் கிளையைக் காட்டி, ஒவ்வொரு காயாகக் கூடையில் வைக்கச் சொல்லுங்கள். எறிந்தால் அடிபட்ட இடம் இரண்டே நாளில் கறுத்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒரு காயைக் குறுக்கே அறுத்துக் காட்டுங்கள். விதை வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, பழுப்பேறியிருந்தால் முதிர்ச்சி. ஆப்பிளைக் குறுக்கே அறுத்தால் தெரிகிற ஐந்து விதை அறைகள் பேரிக்காயிலும் அப்படியே தெரியும்; இரண்டும் உறவு என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

பேரிக்காய் மரத்திலேயே கனியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம். மரத்தில் விட்டால் மேலே பக்குவம் வருவதற்குள் நடுப்பகுதி பழுப்பாகிக் குழைந்துவிடும். கெட்டியாக இருக்கும்போதே பறித்து, வீட்டில் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டுவைத்தால், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுவில் சில நாளில் கனிந்துவிடும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியை விரலால் அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். அதுதான் பதம்.

கேள்வி: மதுரை மொட்டைமாடியிலேயே ஆப்பிள் காய்க்கும் என்று சொல்லி நாற்றுப் பண்ணையில் ஒரு கன்று தருகிறார்கள். விலை அதிகமாக இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், கே.கே.நகர், மதுரை

பதில்: பழத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். அப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் எச்.ஆர்.எம்.என்.-99, அன்னா, டார்செட் கோல்டன் ஆகிய ரகங்கள். இவை உண்மையான ரகங்கள், நல்ல ரகங்களும்கூட. முதலாவதை உருவாக்கிய ஹரிமன் சர்மா என்ற இமாச்சல விவசாயிக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய பிலாஸ்பூர் மாவட்டம் சிம்லாவைவிட மிகவும் தாழ்வான, வெப்பமான பகுதி. அன்னா இஸ்ரேலில் உருவானது, டார்செட் கோல்டன் பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்தது. ஆனால் பிலாஸ்பூரில்கூடக் குளிர்காலம் என்று ஒன்று வந்து போகிறது. மதுரையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தளத்தின் சூடு வேரை வாட்டிவிடும்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், பத்து என்ற மலை ஊரில், குளிர்காலமே இல்லாமல் ஆப்பிள் விளைவிக்கிறார்கள் என்பது உண்மை. அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகள் முழுவதையும் கையால் உருவிவிட்டு, மரத்தை மறுபடி பூக்க வைத்து, ஆண்டுக்கு இரண்டு விளைச்சல் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரும் மலைமேல், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதன் கோடையோடு நம் கோடையை ஒப்பிடவே முடியாது. நீங்கள் கன்றைப் பராமரித்து, இலை உருவி, ஒன்றிரண்டு பூவைப் பார்க்கலாம். ஒரே ஒரு கன்று வைத்தால் அந்தப் பூவும் காயாவது உறுதியில்லை. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்கு வேறொரு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அதே தொட்டியில் கொய்யாவோ மாதுளையோ வைத்தால் பிள்ளைகள் பறித்துத் தின்ன நிச்சயம் பழம் கிடைக்கும்.

கேள்வி: கொடைக்கானல் போய்வந்தபோது ஒரு பை நிறைய நாட்டுப் பேரிக்காய் வாங்கி வந்தோம். ஆப்பிள் கேக் செய்முறையில் ஆப்பிளுக்குப் பதில் அதைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். காய் வேகவில்லை, மணல்போல் நறநறவென்று இருந்தது. கேக்கின் அடிப்பகுதியோ ஈரமாகக் குழைந்துவிட்டது. எங்கே தவறு?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, அந்தக் காயின் இயல்பு அப்படி. மலையில் கிடைக்கும் கெட்டியான பேரிக்காயில் கல் செல்கள் என்று சொல்லப்படும் கடினமான நுண்துகள்கள் நிறைய உண்டு. அவற்றில் லிக்னின் என்ற மரப்பொருள் படிந்திருப்பதால், எவ்வளவு வேகவைத்தாலும் அவை கரையா. ஆனால் அவை காய் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. தோலுக்கு அடியிலும், விதை அறையைச் சுற்றியும்தான் கூட்டமாக இருக்கும். ஆகவே தோலைச் சற்றுத் தடிமனாகவே சீவி, நடுப்பகுதியைத் தாராளமாகத் தோண்டி எடுத்துவிட்டால் நறநறப்பில் பெரும்பகுதி போய்விடும். சிக்கனம் பார்த்து ஒட்டச் சீவுவதுதான் பலரும் செய்வது. இந்தக் காய்க்கு அது பொருந்தாது.

ஈரம் வேறு விஷயம். பேரிக்காயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். மாவோடு பச்சையாகச் சேர்த்தால், கேக் வேகிற அதே முக்கால் மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் வெளியேறி மாவின் அடியில் இறங்கிவிடும். காயோ அந்த நேரத்துக்குள் பாதிதான் வெந்திருக்கும். எனவே முதலில் பாகில் வேகவைத்து, வடிகட்டி, பிறகு பேக் செய்யுங்கள். ஒரு கிலோ காயைச் சீவி நான்காக நறுக்கி, முக்கால் லிட்டர் தண்ணீர், 150 கிராம் சர்க்கரை, விரல் நீளப் பட்டை ஒன்று, மூன்று கிராம்பு, வெள்ளைப் பகுதி சேராமல் சீவிய ஓர் எலுமிச்சையின் மேல்தோல் ஆகியவற்றோடு சிறு தீயில் வையுங்கள். கனிந்த காய்க்குக் கால் மணி நேரம் போதும். கெட்டிக் காய்க்கு 40 நிமிடம்கூட ஆகலாம். கத்திமுனை தடையின்றி இறங்கினால் எடுத்து, ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். மிஞ்சும் பாகைக் கொட்ட வேண்டாம். பாதியாகச் சுண்டக் காய்ச்சினால் கேக்கின் மேலே ஊற்றவும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.

அப்படி வெந்த காயைக் கேக்கில் சேர்ப்பதைவிட, மாவை மேலே தூவிப் பேக் செய்யும் கிரம்பிள் என்ற பண்டத்தைச் செய்து பார்க்கும்படி சொல்வேன். ஏனென்றால் அதில் சாறு கீழே தங்குவது குறையே ஆகாது. அந்தச் சாறுதான் அதன் சுவை. வடிந்த காயை ஓர் அகலமான பாத்திரத்தில் பரப்பி, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். 100 கிராம் மைதா, 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த கெட்டி வெண்ணெய் 70 கிராம் ஆகியவற்றை விரல் நுனிகளால் உதிர்த்து, புட்டுக்குப் பிசிறிய மாவுபோல் உதிரியாக வரும்வரை கலக்குங்கள். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும். மதுரை வெயிலில் இது எளிதில் நடக்கும் என்பதால், கலந்த மாவைப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துத் தூவுங்கள். ஓவனில் 190 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால், மேலே பொன்னிறமாகி ஓரங்களில் சாறு கொப்பளிக்கும். பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இதில் நிறைய இருக்கிறது. மாவை உதிர்க்கும் பகுதியை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இதே செய்முறையை ஆப்பிளில் செய்ய விரும்பினால், பாகில் வேகவைக்கத் தேவையில்லை. நறுக்கி அப்படியே பரப்பலாம். ஆனால் எந்த ஆப்பிள் என்பது முக்கியம். மதுரைப் பழக்கடைகளில் ஆவணி முதல் ஐப்பசி வரை வந்து குவியும் சிவந்த சிம்லா, காஷ்மீர் ஆப்பிள்கள் பெரும்பாலும் டெலிஷஸ் வகை. பச்சையாகத் தின்ன மிக நன்றாக இருக்கும் அவை சூட்டில் குழைந்துவிடும். புளிப்பு குறைவு என்பதால் சர்க்கரை சேர்ந்ததும் சுவை மந்தமாகிவிடும். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், புளிப்பும் இருக்கும். இரண்டையும் சரிபாதி கலந்தால் மணமும் புளிப்பும் ஒன்றாகக் கிடைக்கும், செலவும் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். ஆப்பிள் கேக் செய்ய வழி உண்டா? குக்கரில் செய்யலாம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.
- வாசகி, மேலூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். முட்டை இல்லாத கேக்குக்கு ஆப்பிளைவிடப் பொருத்தமான பழம் இல்லை; ஒரு முட்டைக்குப் பதில் கால் கப், அதாவது ஏறக்குறைய 60 கிராம் ஆப்பிள் மசியல் என்ற கணக்கில் சேர்த்தால், அதிலுள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருள் மாவைப் பிணைத்து ஈரமாக வைத்துக்கொள்ளும்.

குக்கரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தண்ணீர் இல்லாமல் குக்கரை மூடிச் சூடேற்றுவதாக இருந்தால், வெயிட்டையும் கேஸ்கட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்; அப்போதும் நாளடைவில் குக்கரின் அடி கெடும். அதனால் குக்கரையே விட்டுவிட்டு, அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். அதில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, நடுவில் சிறிய வளையத் தாங்கி ஒன்றை வைத்து, மூடியிட்டு, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். அந்த உப்பை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தாமல், அடுத்த கேக்குக்கென எடுத்துவையுங்கள்.

இரண்டு ஆப்பிளைத் தோல் சீவி, இரண்டு கரண்டித் தண்ணீரில் வேகவைத்து மசித்தால் 150 கிராம் அளவுக்கு மசியல் கிடைக்கும். அது முழுதும் ஆறிய பிறகு, 60 மில்லி புளித்த தயிர், 80 மில்லி வாசமில்லாத எண்ணெய், 120 கிராம் நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துச் சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். வேறொரு பாத்திரத்தில் 180 கிராம் மைதா (பாதி கோதுமை மாவாகவும் இருக்கலாம்), ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்த பிறகு அதிகம் கிளறக் கூடாது. மாவு நனைந்ததும் நிறுத்திவிட்டு, பொடியாக நறுக்கிய ஓர் ஆப்பிளை மேலாகக் கலந்து, எண்ணெய் தடவிய ஏழு அங்குலத் தட்டில் ஊற்றி, உடனே சூடான பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். தயிரும் ஆப்பிளின் புளிப்பும் சோடாவைப் பொங்கவைக்கும். அந்தப் பொங்கல் சில நிமிடம்தான் நீடிக்கும் என்பதால் கலந்த மாவைக் காக்கவைக்கக் கூடாது. சிறு தீயில் 50 முதல் 60 நிமிடம் ஆகும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். இந்த முறையில் மேற்புறம் ஓவனில் வருவதுபோல் சிவக்காது. வெந்தது பற்றி அதனால் ஐயம் வேண்டாம்.

கேள்வி: நறுக்கிய ஆப்பிள் கேக் மாவில் சேர்ப்பதற்குள் கறுத்துவிடுகிறது. அது கெட்டுப்போனதா?
- வாசகி, அனுப்பானடி, மதுரை

பதில்: கெட்டுப்போனதில்லை. ஆப்பிளிலுள்ள நொதி காற்று பட்டதும் வேலை செய்து நிறத்தை மாற்றுகிறது. அரை லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து அதில் துண்டுகளைப் போட்டுவையுங்கள்; சேர்க்கும்முன் துணியில் ஒற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: மொத்த விலையில் ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கினோம். பாதிக்கு மேல் மிச்சம். எப்படி வைத்திருப்பது? ஜாம் செய்தால் கெட்டியாக வருமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: அடிபட்டதைத் தனியே எடுத்து முதலில் சமைத்துவிடுங்கள். நல்லவற்றைக் கழுவாமல், ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் பல வாரம் நிற்கும். ஆப்பிளும் எத்திலீன் விடும் பழம்தான். பக்கத்தில் கீரையையோ வெள்ளரியையோ வைத்தால் அவை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

ஜாம் கெட்டியாக வருவது பெக்டினாலும் புளிப்பாலும். ஆப்பிளில் முதலாவது தாராளம், சிவப்பு ரகங்களில் இரண்டாவது குறைவு. ஒரு கிலோ ஆப்பிளுக்கு 700 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் தண்ணீரில் நன்றாக வெந்து குழைந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் துண்டுகள் விறைத்துவிடும். குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். அதுவே இறக்கும் பதம். நம் ஊர் டீக்கடைகளில் தரும் பன் பட்டர் ஜாமை வீட்டில் செய்து கொடுக்க இந்த ஜாம் மிகவும் ஏற்றது.

சீவிய தோலையும் விதை நீக்கிய நடுப்பகுதியையும் எறிந்துவிடாதீர்கள். பெக்டின் அதிகம் இருப்பது அங்கேதான். மூழ்கும் அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல் தானாக வடியும் நீரைச் சேகரித்து உறையவைத்துக்கொள்ளுங்கள். அன்னாசி, பப்பாளி போலத் தாமாகக் கெட்டிப்படாத பழங்களில் ஜாம் செய்யும்போது ஒரு கிலோவுக்கு ஒரு கப் சேர்க்கலாம்.